ரெண்டு வருஷமா விடாத தோல் படை: என் கதை இது, உங்களுக்கு எப்படிப் போச்சு?

கெடிலக்கரை:
கடலூர் முதுநகர் துறைமுகத்துல ஐஸ் உடைக்கிற வேலை எனக்கு. விடியக்காலம் போனா மதியம் வரைக்கும் இடுப்புக்குக் கீழே ஈரம்தான். தொடையிடுக்குல காசு அளவு வட்டமா சிவந்து அரிச்சது. மெடிக்கல்ல ஒரு ட்யூப் கொடுத்தாங்க. ரெண்டே நாள்ல அரிப்பு போச்சு, நிறுத்திட்டேன். பத்து நாள்ல திரும்ப வந்தது, இந்தத் தடவை உள்ளங்கை அகலத்துக்கு. மறுபடி அதே ட்யூப். இப்படியே ஏழெட்டு ட்யூப். கடைசியில வட்டத்துக்குள்ள வட்டமா இடுப்பைச் சுத்திடுச்சு, தொடைத் தோல் மெலிஞ்சு வரிவரியா ஆயிடுச்சு. நடுவுல சித்தப்பா பேச்சைக் கேட்டு சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைச்சுப் பூசினேன். அந்த ராத்திரி எரிச்சலைக் கேக்காதீங்க.

பாண்டியில தோல் டாக்டர் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்புல பார்த்தார். பூஞ்சைதான். பழைய ட்யூபைத் திருப்பிப் படிச்சவர், "இதுல கிளோபெட்டசால் இருக்குப்பா, ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், உடம்போட எதிர்ப்பையும் சேர்த்து அடக்கும். பூஞ்சை சத்தமில்லாம பரவும்"னார். லூலிகோனசோல் களிம்பு, தினம் ஒரு வேளை. வட்டத்தைத் தாண்டி ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும் தடவணும். மறைஞ்ச பிறகும் ரெண்டு வாரம் விடக்கூடாது. கூடவே இட்ராகோனசோல் மாத்திரை.

அப்புறம், "அந்த அரைஞாண் கயித்தை எடுத்துடு"ன்னார். நனைஞ்சு கறுத்துப்போன கயிறு. அம்மா விடல. "பொணத்துக்குத்தான்டா அறுப்பாங்க!"

தேவனாம்பட்டினத்தான்:
அண்ணே, வீட்டுல எல்லாருக்கும் ஒரே துண்டா? எனக்கு ஆறினா அவளுக்கு வரும், அவளுக்கு ஆறினா பையனுக்கு. மூணு பேரும் ஒரே சமயத்துல மருந்து போட்ட பிறகுதான் நின்னது. துணியை வெந்நீர்ல போட்டு, உள்பக்கம் திருப்பி வெயில்ல காயப்போடுங்க. ஐப்பசி அடைமழையில இஸ்திரிப் பெட்டிதான் கதி.

மஞ்சக்குப்பம் அக்கா:
ஸ்டீராய்டு களிம்பைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018லயே உத்தரவு வந்தாச்சு தம்பி. போன வாரம்கூட எங்க தெருவுல ஒருத்தர் சும்மா கேட்டு வாங்கிட்டு வந்தார்.

கெடிலக்கரை:
துண்டு ஒண்ணேதான் தம்பி, இன்னிக்கே பிரிச்சிடறேன். கயித்துக்கு அம்மாவே வழி சொன்னாங்க: வெள்ளிக்கொடி. குளிக்கிறப்ப கழட்டி சோப்புப் போட்டு, துடைச்சு மாட்டிக்கிறேன். இப்ப ஏழாவது வாரம். ஓரத்துல செதில் இல்ல, கறுப்புத் தழும்பு மட்டும் இருக்கு. அந்த வரி போகாதாம்.