கவர்னர் ஸ்பிரிங்கில் கை வைத்த லாரிகள்: உங்கள் அனுபவம் என்ன?
(கவர்னர் என்பது எஞ்சினின் வேகத்துக்கேற்ப டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும், டீசல் பம்போடு சேர்ந்த கருவி.)

சங்ககிரி, லாரி உரிமையாளர்:
ஆறு சிலிண்டர் லாரி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்தபோது பிக்கப் பிரமாதம். லோடு ஏற்றித் திம்பம் மலையில் ஏறியபோதுதான் சாயம் வெளுத்தது. 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் கரும்புகை; பின்னால் வந்த பஸ்காரர் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோனார். ஹாசனூரில் தேநீருக்கு நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை. நன்றாக ஆறிய பிறகே எடுத்தது. ஐட்லிங்கிலும் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. "கவர்னர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இறுக்கிவிட்டால் சரியாகிவிடும்" என்று வழியில் ஒருவர் ஸ்பானரோடு வந்தார். விடவில்லை. டீசல் பம்பைக் கழற்றி நாமக்கல்லுக்குக் கொண்டுபோனேன். அங்கே பார்த்தால், பம்பின் அளவுகளை யாரும் மாற்றாமலிருக்கப் போடும் சீல் கம்பி ஏற்கெனவே அறுக்கப்பட்டிருந்தது. விற்றவர் ஏன் அவசரப்பட்டார் என்பது புரிந்தது.

நாமக்கல், பம்ப் மெக்கானிக்:
இந்தக் கதை எங்கள் கடைக்கு அடிக்கடி வரும். சூட்டில் எடுக்காமல் ஆறினால் எடுக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது எலிமெண்டைத்தான் (பம்புக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக இருந்து டீசலை அழுத்தித் தள்ளுவது). தேய்ந்த எலிமெண்டில், சூடேறி நீர்த்த டீசல் இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் வராது. தேய்மானத்தால் பிக்கப் குறையும். எலிமெண்ட் மாற்றச் செலவாகும் என்று டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் மேக்ஸ் ஸ்க்ரூவைத் திருகி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ரேக்கைக் கூடுதலாக ஓடவிடுவார்கள். ஆறு எலிமெண்டும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஒரு சிலிண்டருக்கு அளவுக்கு மீறிப் போகும், இன்னொன்று பட்டினி கிடக்கும். எரிக்கக் காற்று போதாத டீசல்தான் அந்தக் கரும்புகை. அப்படியே மலை ஏறிக்கொண்டிருந்தால் பிஸ்டன் தலை உருகும்.

ஐட்லிங் ஏறி இறங்கினால் எல்லாரும் ஸ்பிரிங்கைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நான் முதலில் ரேக்கை விரலால் தள்ளிப் பார்ப்பேன். தங்குதடையின்றி ஓட வேண்டும். எங்காவது பிடித்தாலோ, இணைப்பு பின்கள் தேய்ந்து ஆட்டம் இருந்தாலோ, கவர்னர் சொல்வது ரேக்குக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அந்தத் தாமதம்தான் ஏற்ற இறக்கம். அதன் மேல் ஸ்பிரிங்கை இறுக்கினால் நோய் அப்படியே இருக்கும், வேகம் மட்டும் கூடும்.

பம்பின் பெயர்ப்பலகையையும் பாருங்கள். (பம்ப் செய்யும் மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது, எங்கள் ஊரில் இன்னும் மைக்கோ பம்ப்தான்.) கவர்னர் வகை ஆர்.எஸ்.வி. என்றிருந்தால் ஒரே பெரிய ஸ்பிரிங், சுழலும் எடைகளுக்கு வெளியே லீவரோடு சேர்ந்து இழுபடும். ஆர்.கியூ. என்றிருந்தால் அந்த எடைகளுக்குள்ளேயே ஸ்பிரிங் அடுக்கு. இரண்டு பக்க நட்டும் சம அளவில் நிற்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருகிய பம்ப் ஒன்று வந்தது. பெஞ்சில் (பம்பைச் சோதிக்கும் மேசையில்) ஓட்டியபோது மேசையே நடுங்கியது.

ஈரோடு, ஓய்வு பெற்ற ஓட்டுநர்:
ஸ்பிரிங்கைத் தொடாமலேயே மிரட்டலும் உண்டு. அந்தக் காலத்தில் எஞ்சின் இழுக்கும் காற்றின் வெற்றிடத்தால் இயங்கும் கவர்னர் இருந்தது. ஒரு முறை அந்த ரப்பர் குழாய் பிய்ந்து, வெற்றிடம் போய், ரேக் முழு டீசலுக்கு ஓடிவிட்டது. எஞ்சின் அலறியது. ஸ்டாப் வயரை இழுத்தேன், நின்றது. இன்னொரு வண்டியில், பம்பைத் தப்பாகப் பூட்டி ரேக்கே சிக்கிக்கொண்டதால் ஸ்டாப் வயரும் பயன்படவில்லை. கிளீனர் நனைந்த சாக்கைக் காற்று வாயில் வைத்து அடைத்தார். கையை வைத்திருந்தால் இழுத்திருக்கும்.

திருச்செங்கோடு, புதிய உரிமையாளர்:
மெக்கானிக் அண்ணா, மற்றதைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் இறுக்கினால் இழுவை கூடுமா?

நாமக்கல், பம்ப் மெக்கானிக்:
கூடாது தம்பி. டீசலின் உச்ச அளவு மாறாது. டீசலைக் குறைக்கத் தொடங்கும் வேகம்தான் மேலே போகும். உங்கள் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்குகள் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. இன்னொன்று, தொப்பூர் இறக்கத்தில் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. கவர்னரால் டீசலை நிறுத்த முடியும், சுற்றை நிறுத்த முடியாது. அங்கே தாழ்ந்த கியரும், புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும்தான் துணை.

பம்பை எங்கே கொடுத்தாலும், பெஞ்சில் ஓடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஆறு கண்ணாடிக் குழாய்களிலும் எண்ணெய் ஒரே மட்டத்தில் நிற்கிறதா, பம்ப் சுற்றும்போது ஒரு எலிமெண்ட் டீசல் தள்ளுவதற்கும் அடுத்தது தள்ளுவதற்கும் 60 டிகிரி சரியாக வருகிறதா என்று கேளுங்கள். எலிமெண்ட் மாற்றாமல் மட்டம் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் பம்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

சங்ககிரி, லாரி உரிமையாளர்:
எனக்கு ஆறு எலிமெண்டும் அவற்றின் மேலே இருக்கும் டெலிவரி வால்வுகளும் புதிதாகப் போட்டார்கள். கவர்னரில் மாற்றியது தேய்ந்த பின்கள் மட்டும், ஸ்பிரிங் பழையதே. இப்போது சூட்டிலும் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. பிக்கப் முன்பைவிடக் குறைவு என்று ஓட்டுநர் முணுமுணுக்கிறார். டீசல் பில்லைக் காட்டியிருக்கிறேன்.