வைரஸ்தான் முதலில் வந்ததா? அப்படியானால் அந்த நொதி எங்கிருந்து வந்தது?

கரிக்கோல்:
"செல்லுக்கு முன்பே வைரஸ் இருந்தது, 1960களிலேயே சோதனைக் குழாயில் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. அவர் சொல்வது அமெரிக்க உயிரியலாளர் சால் ஸ்பீகல்மேனின் சோதனை. பாக்டீரியாவைத் தொற்றும் க்யூபீட்டா வைரஸின் ஆர்என்ஏவை, அதாவது அதன் மரபுச் செய்தியைத் தாங்கும் மூலக்கூறை, ஆர்என்ஏவின் 'எழுத்து'களான நியூக்ளியோடைடுகள் கலந்த கரைசலில் நகலாக விட்டார்கள். அதில் கொஞ்சம் எடுத்து அடுத்த குழாய், அதிலிருந்து அடுத்தது, இப்படி 74 முறை. வேகமாக நகலாகும் ஆர்என்ஏ மட்டும் தங்கியது. 1967இல் வந்த கட்டுரைப்படி மூலத்தில் 83 சதவீதம் கழிந்துபோயிருந்தது. அருமையான சோதனைதான். ஆனால் குழாயில் ஆர்என்ஏவை நகலெடுத்துத் தரும் ரெப்ளிகேஸ் என்ற நொதியையும் ஊற்றினார்களே, அது எங்கிருந்து வந்தது? வைரஸ் தொற்றிய ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்து எடுத்தது! செல்லை உடைத்து எடுத்ததை வைத்துச் செல்லே இல்லாத உலகத்தைக் காட்டுகிறார்களாம்.

ஆதிக்குழம்பு:
அடித்துவிட்டது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நகலாக வேண்டும், நகலில் பிழை வர வேண்டும், போட்டி இருக்க வேண்டும். இவை மூன்றும் இருந்தால் செல் இல்லாமலே இயற்கைத் தேர்வு நடக்கும். சோதனை சொல்வது அதைத்தான். 4,217 எழுத்து நீள ஆர்என்ஏ 218 எழுத்தாகச் சுருங்கியது. இதற்குமேல் என்ன வேண்டும்?

கரிக்கோல்:
கணக்கு வேண்டும். 83 போனால் மீதி 17. 4,217இல் 17 சதவீதம் 218 ஆகுமா? 700க்கு மேல் வரும். 218 என்பது 70களில் எம்டிவி-1 என்ற வேறொரு குட்டி ஆர்என்ஏவின் வரிசையைப் படித்தபோது வந்த எண். இரண்டையும் ஒட்டுப்போட்டுக் கதை சொல்கிறீர்கள். அது கிடக்கட்டும், நொதி எங்கிருந்து வந்தது?

ஆதிக்குழம்பு:
218 என்று நூறு இடத்தில் எழுதியிருக்கிறார்கள்.

கரிக்கோல்:
நகலெடுக்கும்போது பிழை எப்படிப் பரவும் என்பதற்கு இனி ஸ்பீகல்மேன் தேவையில்லை, நீங்களே போதும்.

வெண்குமிழி:
இருவரும் முதலில் வைரஸ் என்று எதைச் சொல்கிறீர்கள்? புரத உறை உள்ளதை மட்டுமா, நகலாகும் எல்லா ஒட்டுண்ணி ஆர்என்ஏக்களையுமா? உறையே இல்லாமல் வெறும் ஆர்என்ஏவாகச் செடியைத் தொற்றுவது வைராய்டு. 1971இல் டீனர் அறிவித்த உருளைக்கிழங்கு வைராய்டுக்கு 359 எழுத்துதான், ஒரு புரதத்துக்கான குறிப்புகூட அதில் இல்லை. அதை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

கரிக்கோல்:
அது பிறகு. நொதி?

சொல்லாய்வான்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 'வைரஸ்' எதற்கு? 'நச்சுயிரி' என்று அழகான சொல் இருக்கிறதே.

மின்பொறி:
இந்த விவாதத்தில் போய் 'உயிரி' என்றால் பாதித் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறீர்கள் ஐயா. 'தீநுண்மி' என்றாவது சொல்லுங்கள்.

வெண்குமிழி:
தீமை மட்டுமா செய்கிறது? மனித மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 8 சதவீதம் செல்லின் டிஎன்ஏவுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும் பழைய ரெட்ரோவைரஸ்களின் மிச்சம். கருவுக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடி உருவாகத் தேவையான சின்சைட்டின் புரதம் அங்கிருந்து வந்ததுதான்.

சொல்லாய்வான்:
நஞ்சுக்கொடியில் நஞ்சு இருக்கிறதா? பெயரை அப்படிப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன்.

மின்பொறி:
கரிக்கோல் சொல்வது சரி. செல் சுருங்கித்தான் வைரஸ் ஆனது. 2003இல் அடையாளம் கண்ட மிமிவைரஸுக்குச் சுமார் 12 லட்சம் எழுத்து. புரதம் செய்ய உதவும் மரபணுக்கள் சிலகூட இருக்கின்றன. ஒரு காலத்தில் முழுச் செல்லாக இருந்ததன் மிச்சம் அது.

கரிக்கோல்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த மரபணுக்களை மிமிவைரஸ் தான் தொற்றும் செல்களிடமிருந்து திருடியிருக்கலாம். தயவுசெய்து என் பக்கம் நிற்காதீர்கள்.

ஆதிக்குழம்பு:
ஆதரவுக்கு வந்தவரையும் விரட்டியாயிற்று. முன்பு நடந்த மைட்டோகாண்ட்ரியா விவாதத்திலும் இதே கதைதான். சரி, கேளுங்கள். 1975இல் சும்பர், லூஸ் இருவரும் நகலெடுக்க மூலமாக இருக்கும் அச்சு ஆர்என்ஏ எதுவும் போடாமலே சோதித்தார்கள். ஆர்என்ஏ தானாக உருவானது.

கரிக்கோல்:
தானாக! அந்தக் குழாயிலும் அதே ரெப்ளிகேஸ் இருந்தது ஐயா. போதாததற்கு, காற்றில் மிதக்கும் ஆர்என்ஏ துணுக்குகள் உள்ளே விழுந்திருக்கும் என்று 90களில் செட்வெரின் குழு அதைக் கிழித்துப் போட்டது. மைட்டோகாண்ட்ரியா விவாதத்தில் பாதியில் காணாமல் போனது யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஆதிக்குழம்பு:
அன்று எனக்குக் காய்ச்சல்.

கரிக்கோல்:
நச்சுயிரியா, தீநுண்மியா?

ஆதிக்குழம்பு:
நக்கல் வேண்டாம். நொதி என்றால் புரதம் மட்டும்தானா? ஆர்என்ஏவே வேதிவினையை நடத்தும் என்று காட்டியதற்குத்தான் செக், ஆல்ட்மன் இருவருக்கும் 1989இல் நோபல். உங்கள் செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம் அமினோ அமிலங்களைக் கோர்க்கும் இடமே ஆர்என்ஏதான். அப்புறம், உயிரியலாளர் ஹால்டேன் 1929லேயே எழுதினார், முதல் செல் உருவாகும்முன் உயிர் பல மில்லியன் ஆண்டுகள் வைரஸ் நிலையில் இருந்திருக்கலாம் என்று.

கரிக்கோல்:
1929இல் வைரஸ் எதனால் ஆனது என்றே யாருக்கும் தெரியாது. 1935இல் ஸ்டான்லி புகையிலை வைரஸைப் படிகமாக்கினார், வெறும் புரதம் என்று நினைத்தார். அதில் ஆர்என்ஏ இருப்பதை அடுத்த ஆண்டு பாடனும் பிரீயும் காட்டினார்கள். ஸ்டான்லிக்கு 1946இல் நோபல் கிடைத்தது என்பது வேறு விஷயம். ஆக, ஹால்டேன் சொன்ன வைரஸ் வேறு, உங்கள் வைரஸ் வேறு. நொதிபோல் வேலை செய்யும் ஆர்என்ஏ, அதாவது ரைபோசைம், உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குழாயில் இருந்ததா? இல்லை. இருந்தது எது? எங்கிருந்து வந்தது?

வெண்குமிழி:
வைராய்டு பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புதுவாசகன்:
மில்லர் 1953லேயே மின்பொறி விட்டு உயிரை உண்டாக்கிவிட்டாரே, பிறகு எதற்கு இவ்வளவு சண்டை?

மின்பொறி:
என் பெயரைக் கெடுக்காதீர்கள். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி கலந்த குடுவையில் அவருக்குக் கிடைத்தது கிளைசின் முதலான அமினோ அமிலங்கள். உயிர் இல்லை.

ஆதிக்குழம்பு:
கரிக்கோல், உங்களிடம் வேறு கேள்வியே கிடையாதா? ஒரே வரியை எத்தனை முறை நகலெடுப்பீர்கள்?

கரிக்கோல்:
74 முறை. பதில் வரும்வரை. கட்டுரையில் செய்முறைப் பகுதியைத் திறந்து பாருங்கள், நொதியைத் தயாரித்த விதம் இருக்கும்.

ஆதிக்குழம்பு:
பார்த்துவிட்டு வருகிறேன். 218உம் அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள்?

கரிக்கோல்:
இருக்காது.

சொல்லாய்வான்:
'நொதி' அன்று, 'நொதியம்'. தொடக்கத்திலிருந்தே சொல்ல நினைத்தேன்.