நோடு காலியா கிடக்கு, என் ஜாப் மட்டும் ஓடலை: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பொருளறிவியல் ஆய்வு மாணவன்:

வெள்ளிக்கிழமை ராத்திரி. திங்கட்கிழமை காலைல கைடு முன்னாடி ரிசல்ட்டோட நிக்கணும். எங்க கிளஸ்டர்ல, அதாவது பல கம்ப்யூட்டரை (நோடு) சேர்த்துக் கட்டினதுல, யாரோட ஜாப் எப்போ ஓடணும்னு வரிசைப்படுத்தற மென்பொருள் ஸ்லர்ம். அதுல ஜாப் போட்டுட்டு, வரிசையைக் காட்டற எஸ்க்யூ கமாண்ட் அடிச்சா ‘பிடி’, அதாவது பென்டிங். நோடு நிலவரம் சொல்ற எஸ்இன்ஃபோ அடிச்சா நாலு நோடு ‘ஐடில்’னு காட்டுது. பந்தியில இலை போட்டுக் காலியா கிடக்கு, நம்மளை மட்டும் வாசல்லயே நிறுத்தி வெச்ச மாதிரி.

கோபத்துல ஜாப்பைக் கேன்சல் பண்ணித் திரும்பப் போட்டேன். மூணு தடவை. எங்க கிளஸ்டர்ல காத்திருக்கிற நேரத்துக்கும் முன்னுரிமைப் புள்ளி உண்டு; ஒவ்வொரு கேன்சலுக்கும் அது பூஜ்யத்துக்குப் போயிடும். அது அப்போ எனக்குத் தெரியாது.

நடுராத்திரிக்கு மேலதான் எஸ்க்யூவோட கடைசிக் கட்டத்தைக் கவனிச்சேன். அடைப்புக்குள்ள ‘பிரையாரிட்டி’ன்னு இருந்துச்சு. அதே வரிசையில இன்னொரு ஜாப்புக்கு ‘ரிசோர்சஸ்’. முன்னாடி நிக்கிறது அதுதான், 16 நோடு கேக்குது. ஷெட்யூலர் (ஸ்லர்ம்ல வரிசையை முடிவு பண்ற பகுதி) 12 நோடு ஓடி முடியறதுக்காகக் காத்துக்கிட்டு, இந்த நாலையும் அதுக்காகப் பிடிச்சு வெச்சிருக்கு. அந்த ஜாப் எங்க லேப் சீனியரோடதுன்னு தெரிஞ்சதும் கோபத்தைக் காட்டவும் வழியில்லாமப் போச்சு.

‘ஸ்டார்ட்’ ஆப்ஷனோட எஸ்க்யூ கேட்டா, பெரிய ஜாப் மறுநாள் காலை 10 மணிக்குத் தொடங்கும்னு உத்தேசம் சொல்லுச்சு. என் ஜாப் ஓடப்போறது அஞ்சு மணி நேரம். ஆனா பழக்கதோஷத்துல 72 மணி நேரம் கேட்டிருந்தேன். இடைவெளியில ஒரு சின்ன ஜாப் முடிஞ்சுடும்னா ஸ்லர்ம் அதை நுழைய விடும், பேக்ஃபில்னு பேரு. எஸ்கண்ட்ரோல் அப்டேட்ங்கிற கமாண்ட்ல டைம் லிமிட்டை ஆறு மணி நேரமாக் குறைச்சேன். குறைக்க நமக்கே அனுமதி உண்டு, கூட்டத்தான் அட்மின் கிட்ட போகணும். டீ போட்டுக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ‘ஆர்’னு, அதாவது ரன்னிங்னு மாறிடுச்சு.

உயிர்த்தகவலியல் மாணவி:

தம்பி, என் கதை இதுக்கு நேர் எதிர். எங்க வரிசையை அடைச்சுக்கிட்டு நின்னது நானேதான்.

ஒரு நோடு ரெண்டு நாளா ‘மிக்ஸ்’லயே, அதாவது பாதி ஒதுக்கி பாதி காலியா இருந்துச்சு. 40 கோர்ல ஒண்ணுதான் ஓடுது, மிச்சம் 39 சும்மா. யாரோட ஜாப்பும் அதுல விழலை. எஸ்கண்ட்ரோல் ஷோ நோட் போட்டுப் பார்த்தேன். ரியல் மெமரி (மொத்தம் இருக்கறது) 192 ஜிபி, அலாக் மெமரி (ஜாப்களுக்கு ஒதுக்கினது) 180 ஜிபி. அந்த ஒத்தைக் கோர் ஜாப் என்னோடது! மெமரி பத்தாம ஒரு தடவை செத்துப்போச்சுன்னு பயந்து அள்ளிக் கேட்டிருந்தேன். முடிஞ்சப்புறம், ஜாப் எவ்வளவு பயன்படுத்துச்சுன்னு சொல்ற எஸ்எஃப் கமாண்ட் போட்டுப் பார்த்தா, உண்மையில தொட்டது 11 ஜிபி. லேப் மீட்டிங்ல தலை நிமிரலை.

இன்னொண்ணு. அதே இடத்துல ‘ஃப்ரீ மெம்’னு ஒரு எண் வரும். அதை நம்பாதீங்க. லினக்ஸ் படிச்ச ஃபைலையெல்லாம் கேஷ்ல வெச்சுக்கும், அதனால ஆளே இல்லாத நோடுலகூட அது குறைச்சலாத் தெரியும். ஷெட்யூலர் கணக்குப் போடறது ரியல்ல இருந்து அலாக்கைக் கழிச்சுத்தான்.

கிளஸ்டர் அட்மின்:

ஒரு நாள் எஸ்க்யூ பதில் சொல்லவே அரை நிமிஷம் ஆச்சு. தேடினா, ஒருத்தர் ஆறு டெர்மினல்ல நொடிக்கு ஒரு தடவை எஸ்க்யூ ஓடற மாதிரி வாட்ச் போட்டுட்டுத் தூங்கப் போயிருக்கார். நீங்க அடிக்கிற ஒவ்வொரு எஸ்க்யூவும் கன்ட்ரோலர், அதாவது ஸ்லர்மோட மையப் புரோகிராம் கதவைத் தட்டுது. லூப்ல போடாதீங்கன்னு ஸ்லர்ம் கையேட்டுலயே எழுதியிருக்கு. ஜாப் தொடங்கினா, முடிஞ்சா மெயில் வர வெக்க வழி இருக்கே.

மொத்த நிலவரம் வேணும்னா எஸ்இன்ஃபோவுக்கு ஃபார்மட்டா பர்சன்ட், பெரிய சி கொடுங்க. 640/128/64/832ன்னு கோர் கணக்குல நாலு எண் வரும்: ஓடறது, சும்மா இருக்கறது, மத்தது, மொத்தம். அந்த ‘மத்தது’ல டிரெயின் பண்ணினதும் (புது ஜாப் விழாம நிறுத்தி வெச்சது) டவுனானதும் இருக்கும். ஏன் டிரெயின்னு எங்களுக்கு மெயில் போடறதுக்கு முன்னாடி எஸ்இன்ஃபோ மைனஸ் பெரிய ஆர் ஒரு தடவை அடிங்க. காரணம் எழுதித்தான் வெச்சிருப்போம். சோம்பல்ல எழுதாம விட்ட நாளும் உண்டு, ஒத்துக்கறேன்.

சிபியு லோடும், அதாவது ஓடற, காத்திருக்கிற வேலைகளோட சராசரி எண்ணிக்கையும் பார்க்கணும். 40 கோர் வாங்கிட்டு லோடு 1.02ன்னா உங்க புரோகிராம் ஒத்தைக் கோர்லதான் ஓடுது. எட்டுக் கோர் மட்டும் ஒதுக்கின நோடுல லோடு 40ன்னா, த்ரெட் (ஒரு புரோகிராம் ஒரே நேரத்துல ஓட்டற கிளை வேலை) எண்ணிக்கையைச் சொல்லாம விட்டிருக்கீங்க. 40 த்ரெட்டும் எட்டுக் கோர்ல முட்டி மோதுது. லோடு ஏறியிருக்கு, சிபியு மட்டும் தூங்குதுன்னா டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டிருக்கும். அது பெரும்பாலும் எங்க தலைவலி.

பொருளறிவியல் ஆய்வு மாணவன்:

அண்ணா, நீங்க சொன்னதும் அந்த வெள்ளிக்கிழமை ஜாப்புக்கு எஸ்எஃப் அடிச்சேன். சிபியு எஃபிஷியன்சி 12 சதவீதம். எட்டுக் கோர் கேட்டிருந்தேன். கணக்கு இப்பத்தான் புரியுது.