வண்டலூரில் விபத்து, வீடு வியாசர்பாடியில்: கேஸ் எங்கே போடுவது?

கவிதா_வியாசை:
என் அண்ணனுக்கு 29 வயது, பிளம்பர். போன மாதம் வண்டலூர் பக்கம் பைக்கில் போனபோது பின்னால் வந்த கார் மோதி, வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் 60,000 தருகிறோம் என்கிறார் கார்க்காரர். இன்னொருவர் வார்டுக்கே வந்து, வரும் பணத்தில் 30 சதவீதம் தனக்கு என்று சொல்லி வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார். அண்ணனிடம் சம்பளச் சீட்டு எதுவும் இல்லை. என்ன செய்வது?

செல்வி_தண்டையார்பேட்டை:
கவிதா, இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடாதேம்மா. காருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் நஷ்டஈடு கொடுக்கப்போவது அந்தக் கம்பெனிதான். 60,000-ஐ வாங்கிவிட்டால் நாளைக்கு பிளேட் எடுக்கும் ஆபரேஷனுக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

முதலில் ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியை, அதாவது சேர்க்கும்போது விபத்து எப்படி நடந்தது என்று எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலை, வாங்கிப் படி. என் வீட்டுக்காரரைச் சேர்த்த ஆள் விபத்தைப் பார்க்கவில்லை. அதனால் "வண்டியிலிருந்து தவறி விழுந்தார்" என்று எழுதிவிட்டார்கள். லாரி மோதியது என்று எஃப்.ஐ.ஆர். சொன்னாலும், கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருஷம் இழுத்தார். டீக்கடைக்காரர் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் விடிந்தது.

அவர் மூட்டை தூக்குகிறவர், அப்போது 38 வயது. மெடிக்கல் போர்டு ஊனம் 22 சதவீதம் என்றது. அந்தக் காலோடு மூட்டை தூக்க முடியாது என்பதால் வருமான இழப்பை 30 சதவீதமாக எடுத்தார் நீதிபதி. மாதம் 15,000, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000. அதை 12 மாதத்தாலும், அவர் வயதுக்குக் கோர்ட் எடுக்கும் பெருக்கல் எண்ணான 15-ஆலும் பெருக்கி, அதில் 30 சதவீதம்: 11,34,000. மருத்துவச் செலவு, வலி வேதனைக்குத் தனி. சம்பளச் சீட்டு எங்களிடமும் இல்லை, மேஸ்திரிதான் கூண்டேறினார். உன் அண்ணனுக்கு வேலை கொடுத்தவர்கள் ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தக் கணக்கை இப்போதே எடுத்து வை.

குமாஸ்தா_பாரிமுனை:
வண்டலூருக்கு அலைய வேண்டாம். மனுதாரர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். சென்னையில் என்றால் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றம். 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள திருத்தப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். வரும் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்கே கூடாது. அந்த ஆள் யாரோ! ஃபீஸை முன்பே பேசி எழுதி வாங்குங்கள். எங்கள் ஆபீஸில் நான் பார்த்தவரை பாதி கேஸ் கெடுவது வெள்ளைத் தாளால்தான்.

கவிதா_வியாசை:
செல்வி அக்கா, ஏ.ஆர். காப்பியை இன்றைக்கு வாங்கிவிட்டேன். கார் மோதியது என்றுதான் இருக்கிறது. அந்த வெள்ளைத் தாளை அண்ணியிடமிருந்து வாங்கிக் கிழித்துப் போட்டேன். திங்கட்கிழமை பாரிமுனை போகிறோம்.