மறுமொழி: படமெடுக்கும்போது குழந்தையை அசையாமல் வைத்தல் – கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. போன்ற மருத்துவப் படங்கள் எடுக்கும்போது குழந்தையை அசையாமல் வைத்திருப்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதையொட்டி எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> "முடக்குதல்" இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

போதாது. நாம் தேடும் சொல் அகராதியோடு நின்றுவிடாது. எக்ஸ்ரே அறை வாசலில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய் இதை ஒப்புதல் படிவத்தில் படிப்பார். முடக்குவாதம் என்று கேட்டுப் பழகியவரிடம் "குழந்தை முடக்கப்படும்" என்று நீட்டினால் கை நடுங்காதா? "கட்டிவைத்தல்" அதைவிட மோசம். அது தண்டனையின் மொழி.

நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். நெஞ்சுப் படத்துக்குப் பிக்-ஓ-ஸ்டாட் என்றொரு கருவி உண்டு. சைக்கிள் இருக்கை போன்ற ஒன்றில் குழந்தையை உட்காரவைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, இருபுறமும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஓடுகளால் அணைவாக மூடுவார்கள். குழந்தை வீறிடும், பெற்றவர்களுக்குப் பதறும். ஆனால் அழுகைக்கு நடுவே இழுக்கும் அந்த ஆழ்ந்த மூச்சில்தான் நுரையீரல் நன்றாக விரிகிறது. படத்தை அப்போதுதான் எடுக்கிறார்கள். அசைந்தால் படம் கலங்கும். மறுபடி எடுத்தால் கதிர்வீச்சும் மறுபடி.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, நேரம்தான் நீளம். சில மாதக் குழந்தையானால் பாலூட்டி, துணியில் பொதிந்து, தூங்கவைத்தே பல சமயம் எடுத்துவிடுகிறார்கள். மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. இதற்குப் "பாலூட்டிப் பொதிதல்" என்பதே போதும்.

பொதுச்சொல்லாக நான் முன்வைப்பது: அசைவணைப்பு. பிள்ளையை அணைப்பதும் அணைத்தல்தான், விளக்கை அணைப்பதும் அணைத்தல்தான். குழந்தையைத் தழுவி அசைவை அவிக்கும் செயலுக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

> தாயே பிடித்துக்கொள்வதாகத் தோன்றாதா?

தோன்றட்டும். ஈயக் கவசம் அணிந்து பெற்றோர் பிடிப்பதும் இதில் ஒரு முறைதானே (கருவுற்றவர் மட்டும் பிடிக்கக்கூடாது). பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கையணைப்பு, துணியணைப்பு, கருவியணைப்பு என்று கிளைக்கலாம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். திமிறும் பிள்ளையை நான்கு பேர் கைகால்களை அழுத்திப் பிடிப்பதை இந்த இதமான சொல்லால் மறைக்கக்கூடாது. அப்படி நடந்தால் குறிப்பேட்டில் அப்படியே பதிவாக வேண்டும். அதற்கு "வன்பிடி" என்று தனியே வைத்திருக்கிறேன். இன்னும் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.