புதுப்பிப்பு: மட்டன் தெரு கேசட்டில் பாடியவர் யாரென்று தெரிந்துவிட்டது

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் வாங்கிய கேசட்டில், ‘காற்றினிலே வரும் கீதம்’ பாடலை எம்.எஸ். அல்லாத வேறொரு பெண்குரல் பாடியிருக்கிறது, உறையில் பெயரே இல்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன்.

நாடாவை அழுத்தும் பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்ததால்தான் அன்று ஒலி அமுங்கிக் கேட்டது. திருகாணிகளைக் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினேன். அடடா, என்ன குரல்! 1945-இல் வந்த ‘மீரா’ படப் பாடல் அது. கல்கியின் வரிகள், எஸ்.வி. வெங்கட்ராமனின் இசை. எம்.எஸ். பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர் போலவே பாடத்தான் முயல்வார்கள். இவர் முயலவில்லை. சுருதிப்பெட்டி மட்டுமே துணை. ‘கீதம்’ என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். நடுவில் பிரஷர் குக்கர் விசில் ஒன்று. அதற்கும் அவர் அசையவில்லை.

மாதுங்காவில் தெரிந்த மாமி ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே, “இது எங்கள் மன்னி!” என்றார். வீட்டிலேயே குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவராம், மேடையேறியதே இல்லையாம். இப்போது அவர் இல்லை.

இணையத்தில் ஏற்றச் சொன்னவர்களுக்கு: ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை 60 ஆண்டுகள். அவருடைய மகனின் சம்மதம் வந்ததும் ஏற்றுகிறேன். மூல கேசட்டை மாமியிடமே கொடுத்துவிட்டேன்.