பழைய ரயில் பாதையில் நடைபாதை: தண்ணீர் வடிய யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தண்டவாளம் எடுத்த பாதையில் 2 கி.மீ. இயற்கை நடைபாதை ஒன்றைப் பராமரிக்கிறோம். மேட்டை வெட்டிப் பாதை போகும் இடத்தில் மழை நின்ற பிறகும் தண்ணீர் வடிவதில்லை. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் சரிவு மிகக் குறைவு. இருபுற வடிகாலிலும் இலையும் சரிந்த மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன.

தூர்வாரினால் தீரும். ஆனால் அந்தத் தேங்கலில்தான் தவளைகள் முட்டையிடுகின்றன, அதைக் கலைக்க மனமில்லை. ஒரு பக்கத்தை மட்டும் வாரி, மறுபக்கத்தை அடுத்த ஆண்டுக்கு விட்டால் போதுமா? தலைப்பிரட்டைகள் கரையேறிய பிறகு எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்?

அடுத்தது தளம். பழைய ஜல்லி பெரியது, கூர்மையானது, காலை இடறுகிறது. அதன் மேல் நேரடியாகக் கல்தூள் கொட்டினால் மழையில் இடுக்குகளுக்குள் இறங்கிவிடும். அதனால் முதலில் 20 மி.மீ. ஜல்லி பரப்பி உருளை ஓட்டி, பிறகு 5 செ.மீ. கல்தூள் போட்டு நனைத்து இறுக்கலாம் என்று இருக்கிறோம். தண்ணீர் இருபுறமும் வழிய, 2 மீட்டர் அகலத்துக்கு நடு 2 செ.மீ. உயரம். இடையில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு, மண்ணையும் தூளையும் தடுக்கும் செயற்கை இழைத் துணி) அவசியமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய ஸ்லீப்பர் கட்டைகளை இருக்கையாக்கச் சிலர் கேட்கிறார்கள். கிரியோசோட் (மரம் உளுக்காமல் இருக்க ஏற்றும் நச்சுத் தார் எண்ணெய்) ஊறிய மரம், தோலில் படக்கூடாது, எரிக்கவும் கூடாது. அவற்றை முறைப்படி அகற்றிய அனுபவம் உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள்.